செல்போன் டவர் செத்தாலும் பேசும் 'ஹாம் ரேடியோ': மரக்காணம் கடலோரத்தில் அமைப்பது எப்படி? அனுமதி வாங்குவது எப்படி?

மரக்காணம்:

புயல் அடிக்கும்போது முதலில் போவது கரண்ட். அடுத்து போவது செல்போன் சிக்னல். மரக்காணம் மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2020 நவம்பர் 25-ந் தேதி நள்ளிரவில் 'நிவர்' புயல் புதுச்சேரி - மரக்காணம் பகுதியில் கரை ஏறியது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே உட்கார்ந்து கொண்டது. பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. மரக்காணத்தில் 3 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் உப்பளங்கள் ஏரி மாதிரி ஆகிப்போயின.

இப்படிப்பட்ட ராத்திரியில், "தம்பி கரைக்கு வந்துட்டானா?", "தண்ணி எவ்வளவு ஏறிருக்கு?" என்று கேட்க போனை எடுத்தால் 'நோ சர்வீஸ்' என்று காட்டும். ஆனால் அந்த நேரத்திலும் பேசக்கூடிய கருவி ஒன்று உண்டு. அதுதான் 'ஹாம் ரேடியோ' எனப்படும் பொழுதுபோக்கு வயர்லெஸ்.

ஆனால் செட்டை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. உயரமான இடத்தில் ஆன்டெனாவும், கையில் லைசென்சும், பேசிப் பழகிய ஆட்களும் இருந்தால்தான் அது புயல் அன்று கைகொடுக்கும். இல்லாவிட்டால் வீண் செலவு. சில நேரம் போலீஸ் கேஸ் கூட ஆகும்.

செல்போன் ஏன் சாகிறது?

செல்போனும் ஒரு வயர்லெஸ்தான். ஆனால் அது நேராகப் பக்கத்து ஆளிடம் பேசாது. எக்கியார்குப்பத்தில் இருந்து கூனிமேட்டுக்குப் பேசினாலும், குரல் முதலில் டவருக்குப் போய், அங்கிருந்து கேபிள் வழியாக வேறு ஊரில் உள்ள எக்ஸ்சேஞ்சுக்குப் போய்த்தான் திரும்பி வரும்.

டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தால் டீசல் எப்படி வரும்? கேபிள் எங்காவது அறுந்தாலும் கதை முடிந்தது. டவர் நின்றிருக்கும், ஆனால் வேலை செய்யாது.

வயர்லெஸ் செட்டுக்கு இந்த நடுவாள் யாரும் வேண்டாம். ஒரு செட், ஒரு ஆன்டெனா, ஒரு பேட்டரி. எதிரில் அதே மாதிரி இன்னொன்று. அவ்வளவுதான்.

அந்தமானில் நடந்தது என்ன?

2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம், ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமான் போயிருந்தார். நீண்ட காலத்துக்குப் பிறகு அங்கிருந்து ஹாம் ரேடியோ பேச அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டி, உலகம் முழுவதும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் அவர்கள் திட்டம். சுத்தமான பொழுதுபோக்கு.

26-ந் தேதி காலையில் நிலநடுக்கம். பிறகு சுனாமி. தீவுகளில் டெலிபோன் எல்லாம் முடங்கிப்போனது. பொழுதுபோக்குக்கு வைத்த அந்த ரேடியோ, அதே நாளில் அவசரத் தகவல் நிலையமாக மாறியது. அந்தமானிலும் நிகோபாரிலும் சிக்கியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை அந்தக் குழுவினர் தாய்நாட்டில் உள்ள உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தனர்.

இதில் கவனிக்க வேண்டியது, சுனாமி வந்த பிறகு யாரும் செட் வாங்க ஓடவில்லை. ஆன்டெனா ஏற்கனவே கட்டியிருந்தது. பேசத் தெரிந்தவர்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள்.

நல்லவாடு சொல்லும் பாடம்

அதே நாளில் நம் கரையிலும் ஒரு சம்பவம் நடந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவ கிராமம் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், சுனாமி செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று தெரிந்ததும், எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார். ஊரில் இருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. சுமார் 500 குடும்பங்கள் உயிர் தப்பின.

இந்த ஒலிபெருக்கி அங்கே வந்த கதையும் முக்கியம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ம் ஆண்டு முதல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். அப்போது டெலிபோன் வசதி குறைவு. அதனால் கிராமங்களை இணைக்க வி.எச்.எப். வயர்லெஸ் கருவிகளையும் பயன்படுத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் பற்றிய தகவல் தினமும் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது.

தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி என்பதால்தான் ஆபத்து நாளில் ஜனங்கள் நம்பி ஓடினார்கள். ஹாம் ரேடியோவுக்கும் இதே கதைதான். செய்தியை ஊருக்குக் கொண்டுவருவது வயர்லெஸ். ஊருக்குள் பரப்புவது கோயில் மைக், மசூதி மைக், சர்ச் மைக். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

கையடக்க செட் எவ்வளவு தூரம் பேசும்?

கடையில் '10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர்' என்று சொல்லி விற்பார்கள். அப்படியே நம்பிவிடக் கூடாது.

வாக்கி-டாக்கியில் இருந்து கிளம்பும் அலை டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி ஏறக்குறைய நேராகப் போகும். பூமி உருண்டை என்பதால் சிறிது தூரத்தில் தரை கீழே இறங்கிவிடும். அலை மேலே போய்விடும். எனவே தூரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் செட்டின் பவர் இல்லை. ஆன்டெனாவின் உயரம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

* மனிதன் கையில் பிடித்த செட் (ஒன்றரை மீட்டர்): சுமார் 5 கி.மீ.
* 100 அடி டவர் (30 மீட்டர்): சுமார் 22 கி.மீ.
* 800 அடி மலை (சுமார் 240 மீட்டர்): 60 கி.மீ.க்கு மேல்.

இரண்டு பேர் பேசும்போது இரண்டு பேரின் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். உப்பளத்தில் ஆளுக்கொரு செட்டோடு நின்றால் கணக்குப்படி 10 கி.மீ. பேசலாம். உப்பளம் வெட்டவெளி என்பதால் ஓரளவு கிடைக்கும். ஆனால் ஊருக்குள் போனால் வீடு, சவுக்குத் தோப்பு, பனந்தோப்பு எல்லாம் மறைக்கும். அப்போது 2, 3 கி.மீ. பேசினாலே பெரிய விஷயம்.

செஞ்சி ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். மரக்காணத்தில் இருந்து நேர்கோட்டில் 60 கி.மீ.க்குள்தான் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒரு ஆன்டெனாவுக்கு மரக்காணம் உப்பளம் எட்டும் தூரம்தான். உயரத்துக்கு உள்ள மவுசு இதுதான்.

ரிப்பீட்டர் என்றால் என்ன?

எல்லோரும் மலையில் ஏறி நின்று பேச முடியாது. அதனால் மலை மீதோ, டவர் மீதோ ஒரு பெட்டியை வைத்துவிடுவார்கள். கீழே இருந்து வரும் குரலைக் கேட்டு, அதே நொடியில் அதிக பவரோடு திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. இதுதான் 'ரிப்பீட்டர்'.

ஊர் பஞ்சாயத்தில் பின்னால் இருப்பவர் மெதுவாகச் சொல்வதை, மேடையில் இருப்பவர் மைக்கில் திருப்பிச் சொல்வார் அல்லவா? அதே மாதிரிதான்.

ஆனால் ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் செய்தால் தன் சத்தமே தன் காதை அடைத்துவிடும். அதனால் ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு, வேறொன்றில் பேசும். ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான '2 மீட்டர்' பிரிவில் இந்த இடைவெளி பொதுவாக 0.6 மெகாஹெர்ட்ஸ். உதாரணமாக, 145.0-ல் கேட்டால் 145.6-ல் பேசும். கையில் உள்ள செட்டையும் அதற்குத் தகுந்தாற்போல 'செட்டிங்' செய்ய வேண்டும்.

சில ரிப்பீட்டர்களுக்குப் பூட்டு சாவி மாதிரி ஒரு 'டோன்' இருக்கும. காதுக்குத் தெரியாத அந்த மெல்லிய ஓசை குரலோடு சேர்ந்து போனால்தான் ரிப்பீட்டர் திறக்கும். "எல்லாம் சரியா வச்சிருக்கேன், ரிப்பீட்டர் எடுக்க மாட்டேங்குது" என்று புதியவர்கள் புலம்பினால், பெரும்பாலும் இந்த டோன்தான் காரணம்.

மரக்காணத்தில் 100 அடி டவரில் ஒரு ரிப்பீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், வடக்கே செய்யூரில் ஒருவரும் தெற்கே காலாப்பட்டில் ஒருவரும் கையடக்க செட்டில் பேசிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நேர்கோட்டில் அது சுமார் 40 கி.மீ. ரிப்பீட்டர் இல்லாமல் இது கனவில் கூட நடக்காது.

ஆனால் ரிப்பீட்டரும் ஒரு டவர்தான். அதற்கும் கரண்ட் வேண்டும். சோலார் பலகையும் நல்ல பேட்டரியும் இல்லாத ரிப்பீட்டர், புயல் அன்று செல்போன் டவரோடு சேர்ந்து தானும் படுத்துவிடும். ரிப்பீட்டரை இஷ்டத்துக்கு வைக்கவும் முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். பொதுவாக ஹாம் சங்கங்கள் சேர்ந்துதான் வைக்கின்றன.

விண்வெளியில் கூட ரிப்பீட்டர் வைக்கலாம். இஸ்ரோ 2005 மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஹாம்களுக்காகவே அனுப்பியது. அது 2014 வரை வேலை செய்தது.

ரிப்பீட்டரே இல்லாவிட்டால்?

அதற்கும் வழி உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் எனப்படும் '40 மீட்டர்' சிற்றலைப் பிரிவு. இந்த அலை மேலே போய், வானத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கில் பட்டு மழை மாதிரி கீழே இறங்கும். பகல் நேரத்தில் மரக்காணத்தில் இருந்து மதுரை, கோவைக்கு ரிப்பீட்டர் இல்லாமலே பேசலாம். அந்தமான் குழுவுக்குக் கைகொடுத்ததும் சிற்றலைதான்.

செட் கொஞ்சம் பெரிசு. விலையும் அதிகம். ஆனால் ஆன்டெனா வெறும் கம்பிதான். பக்கத்துக்கு 10 மீட்டர் வீதம் மொத்தம் 20 மீட்டர் கம்பியை நடுவில் பிரித்து, அங்கிருந்து கேபிள் இறக்கினால் ஆன்டெனா ரெடி. நடுப்பகுதியைச் சவுக்குக் கம்பத்தில் உயர்த்தி, இரண்டு முனைகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டலாம். முனைகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

மரக்காணத்துக்கு இதில் ஒரு யோகம் இருக்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். செங்குத்தாக நிறுத்தும் சிற்றலை ஆன்டெனாவுக்கு கீழே உள்ள தரை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ, அவ்வளவு தூரம் அலை போகும். அதனால்தான் வெளிநாட்டு ஹாம்கள் கடற்கரையையும் உப்பு நிலத்தையும் தேடிப் போய் ஆன்டெனா நடுகிறார்கள். வெள்ளாமைக்கு ஆகாத உப்பு மண், ஹாம் ரேடியோவுக்கு அருமையான மண்.

உப்புக்காற்று வில்லன்

தரை கைகொடுத்தாலும் காற்று கைவிட்டுவிடும். இரும்பு அரித்துப்போகும். செம்புக் கம்பியில் பச்சை பிடிக்கும். இங்கே ஆன்டெனா கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

* கேபிளும் ஆன்டெனாவும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனாலும் கேபிள் கெட்டுவிடும்.
* நட்டு, போல்ட், கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குவது நல்லது.
* வீட்டில் மிச்சம் கிடக்கும் கேபிள் டி.வி. வயரைப் போடக்கூடாது. அது 75 ஓம். ஹாம் செட்டுக்கு 50 ஓம் கேபிள் வேண்டும்.
* 2 மீட்டர் பிரிவுக்கு அரை மீட்டர் நீள நேர்கம்பி ஒன்றும், அடியில் அதே நீளத்தில் சாய்வாக 4 கம்பிகளும் போதும். செட்டோடு வரும் குட்டி ரப்பர் ஆன்டெனாவை விட இது கூரை மேல் இருந்தால் பல மடங்கு நன்றாக வேலை செய்யும்.
* மின்சார வயர் பக்கத்தில் கம்பம் நடவே கூடாது. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பி மேல் விழாத தூரம் வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் உயிர் போகும்.
* இடி மின்னல் நேரத்தில் ஆன்டெனா கேபிளைச் செட்டில் இருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். 'எர்த்' கம்பி கட்டாயம்.
* புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். கார், லாரியில் உள்ள 12 வோல்ட் பேட்டரியிலும் பல ஹாம் செட்டுகள் ஓடும்.

லைசென்ஸ் வாங்குவது எப்படி?

12 வயது நிரம்பிய யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம். பெரிய படிப்பு தேவையில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்துகிறது. 'சரள் சஞ்சார்' என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மின்சாரம், ரேடியோ பற்றிய அடிப்படைப் பாடமும், பேசும் விதிமுறைகளும் கேட்கப்படும். ஐ.டி.ஐ. படித்தவர்களும், டி.வி., செல்போன் ரிப்பேர் பார்ப்பவர்களும் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆரம்பக்கட்டமான 'ரெஸ்ட்ரிக்டெட்' பிரிவுக்கு 'கட்டு கடகட்டு' மோர்ஸ் தந்தி தேவையில்லை.

தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கியதும் 'கால் சைன்' என்ற அடையாளப் பெயர் கிடைக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்திய ஹாம்களின் கால் சைன் பொதுவாக 'வி.யு.' என்று தொடங்கும். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவரது கால் சைன் 'வி.யு.2 ஆர்.ஜி.' என்பது குறிப்பிடத்தக்கது.

இதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்

ஆன்லைனில் கிடைக்கிறதே என்று லைசென்ஸ் இல்லாமல் 5 வாட் செட்டை வாங்கிப் பேசுவது குற்றம். 1933-ம் ஆண்டு சட்டம் தொடங்கி 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வரை இதில் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. செட் பறிமுதல் ஆகும். வழக்கும் வரும். கடலோரம் என்பதால் பாதுகாப்புப் படையினரின் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். வாக்கி-டாக்கி விற்பனைக்கு ஆன்லைன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தனி விதிமுறையே கொண்டுவந்தது.

லைசென்ஸ் இல்லாமல் பேச, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த பவர் செட்டுகளுக்கு 2018 முதல் விலக்கு உண்டு. பவர் அரை வாட்தான். தூரம் குறைவு. ரிப்பீட்டர் கிடையாது. உப்பளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேச அது போதும்.

ஹாம் லைசென்ஸ் இருந்தாலும் வியாபாரம் பேசக்கூடாது. "உப்பு லோடு ஏத்தியாச்சா, லாரி கிளம்பிடுச்சா" என்று பேசினால் விதிமீறல். அரசியல், ரகசியம், கெட்ட வார்த்தை எதுவும் கூடாது. பேசுவதை எவர் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு ஹாம் செட் மாற்று ஆகாது. படகுகளுக்கு என்று தனி வி.எச்.எப். செட் இருக்கிறது. அதில் 16-வது சேனல் (156.8 மெகாஹெர்ட்ஸ்) உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது.

பேசுவது எப்படி?

முதலில் கேட்க வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே பாயக்கூடாது. பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். உடனே பேசினால் முதல் வார்த்தை ரிப்பீட்டரில் விழாது. கால் சைன் சொல்லி, சுருக்கமாகப் பேசி, பட்டனை விட வேண்டும். ஒருவர் பட்டனை அழுத்தியபடியே இருந்தால் மற்ற எவரும் பேச முடியாது.

புயல் நேரத்தில் "எங்க ஊர்ல ரொம்பத் தண்ணி" என்றால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "அனுமந்தை, பள்ளிக்கூடம் பக்கம், இடுப்பளவு தண்ணீர், 20 பேர், 2 கர்ப்பிணி, படகு வேண்டும்" என்று சொன்னால்தான் உதவி வரும். இடம், நிலைமை, எத்தனை பேர், என்ன தேவை. இந்த நான்கும் போதும்.

இதைப் புயல் அன்று கற்றுக்கொள்ள முடியாது. ஹாம்கள் வாரம் ஒருநாள், குறிப்பிட்ட நேரத்தில் ரேடியோவில் கூடிப் பேசுவார்கள். அதற்கு 'நெட்' என்று பெயர். யார் செட் கேட்கிறது, யார் ஆன்டெனா காற்றில் சாய்ந்துவிட்டது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

மரக்காணத்தில் ஜனவரிக்கு மேல் வெயில் ஏற ஏற உப்பு விளையும். அக்டோபரில் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நிற்கும். தேர்வு எழுத, ஆன்டெனா கட்ட, பேசிப் பழக வெயில் மாதங்கள்தான் தோது. ஊருக்கு இரண்டு பேர், குப்பத்துக்கு இரண்டு பேர் லைசென்ஸ் வாங்கிப் பழகி வைத்தால், அடுத்த புயலில் டவர் செத்தாலும் ஊர் ஊமையாகாது.

அதுவரை செல்போன் வேலை செய்யும்போதே குறித்து வைக்க வேண்டிய நம்பர்கள்: மாநில அவசர கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படை 1554.